எங்க வீட்டுக்குச் சுண்ணாம்பு

எங்கள் ஊரில் ஒரு குழந்தை காணாமல் போனால் அது முதலில் தாய்க்குத் தெரியும், அடுத்து மைக் அக்காவுக்குத் தெரியும், போலீசுக்கெல்லாம் அதற்கப்புறம்தான். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும், எந்தத் துணிக்கடையில் தள்ளுபடி, யார் வீட்டுச் சாவிக்கொத்து பஸ் நிலையத்தில் கிடக்கிறது, எல்லாம் அவள் குரலில்தான் ஊருக்குப் போகும். மத்தியானம் சுரங்கத்தில் வெடி வைப்பதற்கு முன்னால் சங்கு ஊதும். சாத்திய ஜன்னலின் கண்ணாடி அந்த அதிர்ச்சியில் தெறித்துவிடும் என்பதால், அதைத் தொடர்ந்து அவள் குரல் வரும். "வெடி வைக்கும் நேரம். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். அடுப்பில் உள்ளதை இறக்கி வையுங்கள்." புருஷன் சொன்னால் கேட்காத பெண்களும், பெண்டாட்டி சொன்னால் கேட்காத ஆண்களும் அவள் சொன்னால் மறுபேச்சில்லாமல் எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பார்கள்.

மைக் செட் கடை என்னுடையது. ஆம்ப்ளிஃபயர், குழாய் ஸ்பீக்கர், ஒரு பழைய வேன் எல்லாம் என்னுடையவை. குரல் மட்டும் அவளுடையது. என்னைவிட வயதில் சின்னவள்தான். ஊரே அக்கா என்பதால் நானும் அக்கா என்பேன், அவள் என்னை அண்ணே என்பாள். அவள் புருஷனை நான் மாப்ள என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். உறவுமுறையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் உதைக்கும். யாரும் போட்டுப் பார்த்ததில்லை.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. 'எங்கள் ஊர்' என்று சொல்லி வாசிக்கிற உங்களை வெளியே நிறுத்துகிறேனே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். கதையே அதைப் பற்றித்தான். எங்கள் மாகாணம் மேட்டில் இருக்கிறது. நாட்டின் மற்ற பகுதிகளெல்லாம் கீழே, சமவெளியில். அதனால் நாங்கள் மேட்டுக்காரர்கள், அவர்கள் கீழ்நாட்டுக்காரர்கள். எங்கள் மலைக்குள் செம்பு இருக்கிறது. உலகத்துக்கே கம்பி இழுக்கும் அளவுக்கு இருப்பதாகச் சொல்கிறார்கள். எங்கள் வீடுகளில் இருப்பதென்னவோ பிளாஸ்டிக் குடம்தான். மலையை வெட்டி, ரயிலில் ஏற்றி, கீழே துறைமுகத்துக்கு அனுப்புகிறோம். தூசியை மட்டும் இங்கேயே வைத்துக்கொள்கிறோம்.

மாப்ள கீழ்நாட்டுக்காரர். சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டுகிறவர். டயரே ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் லாரி அது. வேலைக்கு வந்த புதிதில் பஸ்ஸில் சாப்பாட்டு கேரியரைத் தொலைத்துவிட்டு என் கடைக்கு வந்தார். அக்கா அறிவித்தாள், கேரியர் கிடைத்தது. அடுத்த வாரம் குடையைத் தொலைத்துவிட்டு வந்தார். குடை எப்படி இருக்கும் என்று அவள் கேட்டதற்கு, மனுஷன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு "குடை மாதிரிதான் இருக்கும்" என்றார். அதற்கடுத்து கைக்கடிகாரம். அவள் அடையாளம் கேட்டுக்கொண்டிருக்கிறாள், கடிகாரமோ அவர் கையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. நான் பார்த்தேன், சொல்லவில்லை. அறிவிப்புக் கட்டணத்தையும் விடவில்லை. கல்யாணம் வேறு, தொழில் வேறு.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு காலத்தில் அதற்காக நிறைய அழுதார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். இப்போது சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். ரயில் பாதைக்குப் பக்கத்தில் இரண்டு அறையும் சமையலறையும் கொண்ட சொந்த வீடு. மொட்டை மாடியில் துணிக்கொடி, ஒரு பிரம்பு நாற்காலி. டம்பர் ஓட்டி ஓட்டி மாப்ளைக்கு இடது காது மந்தமாகிவிட்டது. ஊருக்கே கேட்கும் குரல் வீட்டுக்குள் அவருக்குக் கேட்காது. தண்ணீர் வந்துவிட்டது என்பதைக்கூட அவள் இரண்டு தரம் சொல்ல வேண்டும். "அடுப்படிக்கு ஒரு ஸ்பீக்கர் கட்டிக் குடுங்க அண்ணே" என்று என்னிடம் கேட்பாள். அந்த வீட்டில் 'நாம' என்றால் அவர்கள் இரண்டு பேர்தான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் நானும் அதில் சேர்த்தி.

இப்படி இருக்கும்போதுதான் வாக்கெடுப்பு வந்தது. மேட்டு மாகாணம் தனி நாடாகலாமா, வேண்டாமா என்று மக்களே ஓட்டுப் போட்டுச் சொல்லலாம் என்று அறிவித்துவிட்டார்கள். பிரிய வேண்டும் என்று ஓர் அணி, சேர்ந்தே இருக்க வேண்டும் என்று ஓர் அணி. இரண்டு அணியும் வந்து நின்றது என் கடை வாசலில். இந்த ஊரில் வேறு யார் குரலில் சொன்னாலும் ஒருவனும் ஜன்னலைத் திறக்கமாட்டான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. காலையில் வேன் பிரிவோம் என்று பாடிக்கொண்டு போகும், சாயங்காலம் அதே வேன் அதே குரலில் சேர்ந்திருப்போம் என்று பாடிக்கொண்டு வரும். ஒரு நாள் பென் டிரைவை மாற்றிச் செருகிவிட்டேன். பிரிவு அணியின் கொடி கட்டிய வேன் பாதி நாள் ஒற்றுமையைப் பற்றிப் பேசிக்கொண்டு சுற்றியது. ஒருவரும் புகார் சொல்லவில்லை. கடைசியில் டிரைவர்தான் டீக்கடையில் நிறுத்தியபோது கவனித்தார்.

எதைக் கொடுத்தாலும் வாசிப்பேன், ஆனால் ஓட்டு என்னுடையது என்று அக்கா முதலிலேயே சொல்லிவிட்டாள். அவள் ஓட்டு பிரிவுக்குத்தான். அதை மறைக்கவும் இல்லை. செம்புத் தாது ஏற்றிய ரயில் தினமும் அவள் வீட்டுப் பின்பக்கம்தான் போகும். அந்த நேரத்தில் கொடியில் துணி இருந்தால் மறுபடி துவைக்க வேண்டும். ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்கேன் மிஷின் கிடையாது. அவள் அம்மாவைக் கீழே கொண்டுபோகும் வழியிலேயே ஆம்புலன்சில் உயிர் போனது. அதை அவள் பேச்சில் கொண்டுவரமாட்டாள், நானாகத்தான் நினைத்துக்கொள்வேன்.

நான் 'சேர்ந்திருப்போம்' கட்சி. எனக்கு யார்மேலும் பாசம் பொங்கி வழிந்து அல்ல, பயம்தான். துறைமுகம் அவர்கள் கையில் இருக்கிறது. அவர்கள் கேட்டைச் சாத்தினால் செம்பை வைத்துக்கொண்டு நாம் என்ன, பாத்திரமா செய்வது என்று அவளிடம் கேட்டேன். அதோடு, செம்பு ஒரு நாள் தீர்ந்துபோகும், நாடு தீருமா என்றும் கேட்டேன்.

"அவங்களுக்கு செம்பு வேணும், நமக்கு துறைமுகம் வேணும். அப்ப சரிக்கு சரி உக்காந்து பேசலாமே அண்ணே. இப்ப போய் கேட்டா, வீட்டுக்கு வந்த கடன்காரனைப் பாக்கற மாதிரி பாக்கறாங்க" என்றாள் அவள். "மலை போயிட்டே இருக்கு. முழுசா போறதுக்குள்ள ஒரு ஆஸ்பத்திரியாவது கேக்க வேண்டாமா?"

இருந்தாலும் நான் கட்சி மாறவில்லை. வயதாகிவிட்டால் பதில் இல்லாமலேயே ஒரு கட்சியில் இருந்துகொள்ளலாம்.

மாப்ள எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், லோடு ஏற்றவும் கொட்டவும்தான் தனக்குத் தெரியும் என்று சிரித்து மழுப்பிவிடுவார். பிரிந்துவிட்டால் கீழ்நாட்டில் பிறந்தவர்கள் இங்கே தங்க அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்று ஒரு பேச்சு ஊரில் அடிபட்டது. சிலர் முன்கூட்டியே வீட்டை விற்றுவிட்டுக் கீழே இறங்கினார்கள். அந்தப் பேச்சு மட்டும் அவர்கள் வீட்டுக்குள் வரவே இல்லை. இருவருமே அதை வாசலோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். அவருடைய அண்ணன் கீழே இருந்து போன் செய்து, தெரிந்த கம்பெனியில் டிரைவர் வேலை இருக்கிறது, வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

பிரிவு அணிக்கு வசனம் எழுதியவர் ஒரு வக்கீல். நல்ல மனிதர், அதைச் சொல்லிவிட வேண்டும். வெடி அதிர்ச்சியில் வீடு விரிசல் விட்டவர்களுக்காகப் பல வருஷம் கோர்ட் படியேறியவர். என் கடைக்குப் பின்னால் பதிவு அறை இருக்கிறது. சுவரைச் சுற்றி மெத்தைகளை நிமிர்த்திச் சாத்தி வைத்திருப்பேன், வெளிச்சத்தம் வராமல் இருக்க. ஓடும்போது இரையும் என்பதால் ஃபேனை நிறுத்திவிடுவோம். வக்கீல் வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தாளில் 'எங்கள் மண் எங்களுக்கே, எங்கள் செம்பு எங்களுக்கே' என்று எழுதியிருந்தது. அக்கா கணீரென்று 'நம் மண் நமக்கே, நம் செம்பு நமக்கே' என்று வாசித்தாள். வக்கீல் கையை உயர்த்தினார்.

அக்கா அதைத் தப்பு என்று நினைக்கவே இல்லை. ஊர்க்காரர்களிடம்தானே சொல்கிறோம், அவர்களையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும் என்றாள்.

"தெருவுல எல்லாரும்தான் நிக்கறாங்க" என்றார் வக்கீல். "கீழ இருந்து நேத்து வந்து கான்ட்ராக்ட் எடுத்தவனும் நிக்கறான். நம்ம மண்ணுன்னு சொன்னா அவனும் தலையாட்டிட்டுப் போயிடுவான். எங்க மண்ணுன்னு சொன்னாத்தான் அவனுக்கு உறைக்கும்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. எதிரணியின் தாளை நாங்கள் ஏற்கெனவே பார்த்திருந்தோம். அதில் வரிக்கு வரி 'நாம்'தான். நாம் ஒரே குடும்பம், நாம் ஒரே நாடு. அதை வாசித்துவிட்டு அக்காவே உதட்டைப் பிதுக்கியிருந்தாள். மலையைத் தோண்டும்போது மட்டும் நாம் ஒரே குடும்பம், ஆஸ்பத்திரி கட்டும்போது வேறு வேறு குடும்பம் என்றாள். ஆகவே வக்கீல் சொன்னதற்கு அவள் தலையாட்டினாள். தலை ஆடியதே தவிர நாக்கு வழிக்கு வரவில்லை. மறுபடி மறுபடி 'நம்' என்றே வந்து விழுந்தது. மெத்தைகளுக்கு நடுவே மூன்று பேரும் அவிந்துபோனோம். கடைசியில் வீட்டில் பழகிக்கொண்டு வருகிறேன் என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

பழகினாள். பாத்திரம் தேய்க்கும்போது எங்கள் மண், துணி உலர்த்தும்போது எங்கள் செம்பு, தெருவில் நடக்கும்போது எங்கள் மலை. எடுத்த காரியத்தை அரைகுறையாக விடுகிறவள் இல்லை. அந்த வாரக் கடைசியில் ஒரே மூச்சில் அத்தனையும் சரியாக வாசித்துக் கொடுத்தாள். வக்கீல் எழுந்து நின்று கை தட்டினார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மாப்ள எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அக்கா பரிமாறிக்கொண்டே மேலே பார்த்தாள். ரயில் அதிர்ச்சியில் கூரை ஓரம் சுண்ணாம்பு உரிந்து தொங்கியது. அவள் புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

"என்னங்க, நீங்க ஒரு நாள் லீவு போட்டீங்கன்னா, மழைக்கு முன்னாடி எங்க வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சிடலாம்."

இதை வேறு பாஷைக்காரரிடம் சொன்னால் இதில் என்ன இருக்கிறது என்பார். நமக்குத்தான் தெரியும். கட்டின புருஷனிடம் ஒருத்தி 'எங்க வீடு' என்றால் அது அவள் பிறந்த வீடு. புருஷனோடு வாழ்கிற வீடு 'நம்ம வீடு'. 'எங்க' என்ற மூன்றெழுத்தில் அவரைக் கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தியாகிவிட்டது. சொன்னவளுக்குத் தெரியவில்லை. கரண்டியோடு சமையலறைக்குப் போய்விட்டாள். மாப்ளையின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. தண்ணீர் வந்துவிட்டது என்பதை இரண்டு தரம் சொன்னால்தான் கேட்கும் காதுக்கு இந்த ஒரு சொல் மட்டும் பளிச்சென்று கேட்டுவிட்டது.

எப்படியாவது சமாளிக்கலாம் என்று நான் மூக்கை நுழைத்தேன். அவள் என்னைப் பார்த்துச் சொன்னதாகப் பாவித்து, ஆமாமா, உங்க வீட்டுக்கு அடிச்சே ஆகணும் என்றேன். என்னிடம் சொல்லியிருந்தால் 'எங்க வீடு' சரிதானே. ஆனால் லீவு போடச் சொன்னது யாரை? எனக்கு என் கடையில் லீவு கொடுக்கும் அதிகாரி எவனும் கிடையாது. அது மாப்ளைக்கும் தெரியும்.

அவள் திரும்பி வந்தபோது அவர் அமைதியாகச் சொன்னார். "அடிச்சிடலாம். உங்க வீட்டுக்கு அடிச்சுக் குடுத்துட்டே போறேன்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கை கழுவ எழுந்து போய்விட்டார்.

சுண்ணாம்பு அடிக்கவில்லை. அந்த வாரமே அவர் லீவு போட்டுவிட்டு, அண்ணனைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பை ஒன்றோடு கீழே போனார். எப்போது வருவீர்கள் என்று அவள் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றாராம். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். வருகிறேன் என்று சொல்ல முடியாததால்தான் பார்க்கலாம் என்றார் என்று அவளுக்குப் புரிந்தது.

அவள் கடைக்கு வருவதை நிறுத்தவில்லை. தண்ணீர் வரும் நேரம் சொன்னாள், தள்ளுபடி சொன்னாள், மத்தியானம் ஜன்னல்களைத் திறந்து வைக்கச் சொன்னாள். ஊருக்கு வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. 'இறக்கி வையுங்கள்' என்ற இடத்தில் குரலும் கூடவே இறங்கியது. போன் செய்தாலும் பயனில்லை. அவருக்குப் போனில் சரியாகக் கேட்காது. அவள் கத்த வேண்டும். கத்திச் சொல்கிற சமாதானம் சண்டை மாதிரியே இருக்கும். இரண்டு மூன்று தடவை போட்டுப் பார்த்து, சாப்பிட்டீர்களா என்பதோடு வைத்துவிட்டாள்.

ஒரு நாள் பதிவு அறையில் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். மெத்தைகள் இருந்ததால் சத்தம் வெளியே வரவில்லை. கதவைத் திறந்தபோதுதான் பார்த்தேன். இரண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"நான் அப்படி நினைக்கவே இல்ல அண்ணே" என்றாள். "வேணும்னு சொல்லியிருந்தா மன்னிப்பு கேட்டிருப்பேன். நினைக்காததுக்கு எப்படி மன்னிப்பு கேக்கறது?"

பேசாமல் பிரிவு வேண்டாம் என்று ஓட்டுப் போட்டுவிடு, அவரிடமும் சொல்லிவிடு, எல்லாம் சரியாகிவிடும் என்றேன். என் கட்சிக்கு ஒரு ஓட்டு சேர்க்கும் ஆசையும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

"அம்மா போனது அந்த ரோட்டுலதான். அதை நான் எப்படி மாத்திக்கறது? பிரியணும்னுதான் இப்பவும் சொல்றேன். ஆனா அவரையும் கூட்டிக்கிட்டுப் பிரியணும். அதுக்கு ஒரு வழி இல்லாமயா போயிடும்?"

எழுந்து நேரே வக்கீல் ஆபீசுக்குப் போனாள். பின்னாலேயே நானும் போனேன். போட்டதெல்லாம் போகட்டும், இனி 'எங்கள்' என்று வாசிக்க மாட்டேன், 'நம்' என்றால் எத்தனை தரம் வேண்டுமானாலும் வாசிக்கிறேன், இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்றாள். வக்கீல் வாதாடிப் பார்த்தார், அவருக்குத் தொழில் அது. கான்ட்ராக்ட்காரனுக்கு உறைக்க வேண்டாமா என்று பழையபடி ஆரம்பித்தார். அவனுக்கு உறைத்ததோ இல்லையோ, என் வீட்டில் உறைத்துவிட்டது என்று சொல்லி நடந்ததை முழுக்கச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கீழ்நாட்டில் பிறந்து இங்கே வாழ்கிறவர்களைப் பற்றித் தாங்கள் இன்னும் உட்கார்ந்து பேசவில்லை என்று ஒத்துக்கொண்டார். அப்படியானால் முதலில் அதைப் பேசுங்கள் என்று அவள் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் தாள் திருத்தி வந்தது. 'நம் மண் நமக்கே' என்று இருந்தது. அதற்குக் கீழே, இங்கே உழைத்து வாழ்கிற எல்லோருக்கும் என்று ஒரு வரியும் சேர்ந்திருந்தது. வேறு குரல் இல்லாததால் செய்தாரா, மனசு மாறிச் செய்தாரா என்று நான் துருவவில்லை.

இதெல்லாம் நடக்கும்போது மாப்ள திரும்பி வருவாரா என்று அவளுக்குத் தெரியாது. அதைத்தான் நான் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். சுண்ணாம்பு வாங்கி வந்து சமையலறை மூலையில் வைத்தாள். வானம் மூடிக்கொண்டே இருந்தது, மழை மட்டும் வரவில்லை.

ஓட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம், ஓட்டுச் சாவடி விவரங்களை அவள் உள்ளே பதிவு செய்துகொண்டிருந்தாள். கதவின்மேல் சிவப்பு பல்பு எரிந்தது. எரிந்தால் உள்ளே யாரும் போகக் கூடாது. நான் வெளியே ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வாசலில் மாப்ள நிற்கிறார், அதே பை, சட்டையெல்லாம் கசங்கி. எதைத் தொலைத்துவிட்டு வந்தீர்கள் என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் பல்பைப் பார்த்தார், பெஞ்சில் உட்கார்ந்தார். பல்பு அணைந்து அவள் வெளியே வந்தாள். அவரைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"எங்க போனீங்க இத்தனை நாளா?" என்று கேட்டாள். எங்கே போனார் என்று தெரியாதா அவளுக்கு? வேறு எதுவும் வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

அவர் அதற்குப் பதில் சொல்லாமல் அண்ணன் வீட்டில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். அந்த வேலை கிடைத்துவிட்டதாம். சேருவதற்கு நாள்கூடக் குறித்துவிட்டார்களாம். ராத்திரி எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே மழை கொட்டுகிறது.

"பேச்சுவாக்குல அண்ணன்கிட்ட, எங்க ஊர்ல இன்னும் மழையே இல்லன்னு சொன்னேன்" என்றார் மாப்ள. "அண்ணன் ஜன்னலைப் பாத்தாரு. வெளிய ஊத்துது. எங்க மழை இல்லன்னு கேட்டாரு. என்னடா இவன் உளர்றான்னு பாத்தாரு. அண்ணிக்குத்தான் முதல்ல புரிஞ்சுது. தம்பி அவரோட ஊரைச் சொல்றாருங்கன்னாங்க. அண்ணன் அப்புறம் சாப்பிடவே இல்ல."

பிறந்து வளர்ந்த வீட்டில், கூடப்பிறந்த அண்ணனிடம், அவர் 'எங்க ஊர்' என்று இந்த ஊரைச் சொல்லியிருக்கிறார். அண்ணனை வெளியே நிறுத்திவிட்டு.

"நீ சொன்னப்ப என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்" என்றார் அவளிடம். "பஸ்ல வரும்போது யோசிச்சேன். உன் வாயில வந்தது வக்கீல் எழுதிக் குடுத்தது. என் வாயில வந்ததை யாரும் எழுதிக் குடுக்கல."

அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். சுண்ணாம்பு வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாள். எந்த வீட்டுக்கு என்று அவர் வேண்டுமென்றே காதைக் கொடுத்துக் கேட்டார், அதுவும் மந்தமான இடது காதை. "நம்ம வீட்டுக்குங்க" என்றாள் அவள், வெடிக்கு அறிவிக்கிற குரலில். எதிர் வரிசைக் கடைக்காரர் என்ன ஏது என்று எட்டிப் பார்த்தார்.

மறுநாள் மூன்று பேரும் சேர்ந்துபோய் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். அக்கா பிரிவுக்கு, நான் சேர்ந்திருப்பதற்கு. அது மூவருக்கும் தெரியும். மாப்ள எதற்குப் போட்டார் என்று அன்றும் சொல்லவில்லை, பின்னாலும் சொல்லவில்லை. டீக்கடையில் நான் கொஞ்சம் நோண்டிப் பார்த்தேன். எது ஜெயித்தாலும் தன் சாப்பாட்டு கேரியர் இந்த ஊரில்தான் தொலையும் என்றார்.

முடிவு வந்த அன்று கடையை அக்காவிடம் விட்டுவிட்டு நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். மாப்ள ஏணிமேல் நின்று கூரை ஓரத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, அங்கே விட்டுப்போச்சு, இங்கே திட்டாகத் தெரிகிறது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடை மாடியில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் கரகரத்தது. அடுத்து அவள் குரல் வந்தது. தெருவில் பிள்ளைகள்கூட விளையாட்டை நிறுத்தினார்கள். வக்கீல் சந்தோஷத்தில் 'நாங்கள் வென்றுவிட்டோம்' என்றுதான் எழுதிக் கொடுத்தாராம். அவள் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டாள். பக்கத்தில் நின்ற வக்கீலும் தடுக்கவில்லையாம். ஜெயித்தவருக்கு இனி எல்லோரும் வேண்டுமே.

"மேட்டு மாகாண மக்களுக்கு அறிவிப்பு. நாம் தனி நாடாகிறோம்" என்றது குரல். வெடிக்கு முன் சொல்வது போலவே நிதானமாக, அதே சுருதியில். பக்கத்து வீட்டில் ஒரு பெண் பழக்கதோஷத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

துறைமுகம், பணநோட்டு, ரயில் பாதை என்று என் பயங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இனி பல வருஷம் பேச்சுவார்த்தை நடக்கும், அதுவரை தூசி அதே தூசிதான் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். மேலே மாப்ளையின் பிரஷ் நின்றிருந்தது. ஸ்பீக்கர் இருந்த பக்கம் அவருடைய இடது காது.

"என்ன சொல்றா மச்சான்?" என்று கேட்டார்.

"பிரிஞ்சாச்சாம்" என்றேன்.

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். "யாரு?"

அவள் எந்தச் சொல்லைச் சொன்னாள் என்று ஒரு தரம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே.

"நாம" என்றேன்.

"அப்ப சரி" என்றார். "அந்த வாளியை இப்படிக் குடுங்க."

நான் தோற்ற கட்சி. ஆனாலும் வாளியைத் தூக்கிக் கொடுத்தேன்.